ஏரி மேடமும் என் கால் கட்டைவிரலும்

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், ஏன் சொன்னேன் என்று அதற்கும் ஒரு ஆராய்ச்சி செய்வார், நான் மறுபடியும் மாட்டிக்கொள்வேன். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் அவரை ஏரி மேடம் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் தெருவில் ஏரி கிடையாது. ஏரி இருந்தது என் கடைக் கம்ப்யூட்டரில்.

நான் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கீழே மருந்துக்கடை, அதை ஒட்டி டீக்கடை, மேலே நான். எட்டு கம்ப்யூட்டர், எட்டு நாற்காலி, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், வாசலுக்குக் கண்ணாடிக் கதவு. ஒரு காலத்தில் காலேஜ் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க என் படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்கள். அப்புறம் ஆளுக்கொரு போன் வந்தது. என் கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலையில்தான் மேடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலிகளை எண்ணினார்.

"அண்ணா, வாரத்துல ரெண்டு நாள், காலையில பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும் எட்டும் எனக்கு வேணும்."

"எத்தனை வாரத்துக்கு மேடம்?"

"நாப்பது ஆட்டம் முடியற வரைக்கும்."

ஆட்டமா, என்ன ஆட்டம் என்று முழித்தேன். மேடம் மனோதத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மனுஷன் எப்போது விட்டுக்கொடுக்கிறான், எப்போது தனக்கென்று அள்ளிக்கொள்கிறான், அதுதான் விஷயம். அதைப் பார்ப்பதற்கு எட்டு பேர் சேர்ந்து பிரவுசரில் ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டை அவரே செய்து வைத்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. வந்த பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிற மாதிரி, "இதை வீட்டுலேர்ந்தே போன்ல ஆடலாமே மேடம்?" என்று கேட்டுவைத்தேன்.

"போன்ல ஆடச் சொன்னா மாமியார் சொல்றபடி மருமக அமுக்குவா ணா. எனக்கு மருமக மனசு தெரியணும்."

அன்றைக்கே என்னையும் சோதித்துவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கீழே போய் இரண்டு முட்டை பஃப் வாங்கிவந்து ஒரு தட்டில் வைத்தார். ஒன்று நன்றாக உப்பிப் பெரிதாக இருந்தது. இன்னொன்று நசுங்கி முட்டை வெளியே எட்டிப் பார்த்தது. "எடுத்துக்குங்க ணா" என்று சொல்லிவிட்டு என் கையையே பார்த்தார். நான் நாகரிகமாக நசுங்கியதை எடுத்தேன். உடனே ஒரு பச்சை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதினார். வருகைக் கையெழுத்துப் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தின் குணம் அதுதான். யாரையும் திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார், பார்ப்பார். "பாப்போம்" என்கிற ஒரு வார்த்தையை வைத்தே குடும்பம் நடத்துகிற ஆள். ஸ்கூட்டர் சர்வீசுக்குப் போன நாட்களில் ஷேர் ஆட்டோவில் வருவார். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நட்டநடுவில் உட்கார்ந்து பையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். தள்ளி உட்காரச் சொல்லி யார், எந்த இடத்தில் கேட்கிறார்கள் என்று பார்ப்பார். "இன்னிக்குக் கொக்கு பார்க் ஸ்டாப் வரைக்கும் யாரும் கேக்கல ணா. ஒரு அம்மா ஒத்தக் காலத் தொங்கவிட்டுக்கிட்டே வந்தாங்க, பாவம்" என்று வந்து சொல்வார். பாவம் என்று சொல்கிற முகத்தில் பாவத்தைக் காணோம், கண் இரண்டும் மின்னிக்கொண்டிருக்கும். மழைநாளில் என் கடை வாசலில் நல்ல குடை ஒன்றை மறந்துவிட்ட மாதிரி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்ததும் உண்டு. அந்தக் குடையை மூன்றாவது நாள் ஒருத்தர் எடுத்துப் போனார். மேடம் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார், சந்தோஷமாக.

"எல்லாரும் நல்லவங்கதான் ணா, யாராவது பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும்" என்பார். எனக்கு அப்போது அது ஜோக்காகப் பட்டது.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு ஏரி, அதில் நூறு குடம் தண்ணீர். ஆடுகிற எட்டு பேருக்கும் கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம் என்று ஆளுக்கொரு பறவைப் பெயர். நடுவில் அட்டைத் தடுப்பு இருப்பதால் யார் எந்தப் பறவை என்று தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருத்தர் ஒன்றிலிருந்து பத்துக் குடம் வரை எடுக்கலாம். எந்தப் பறவை எவ்வளவு எடுத்தது என்று எல்லார் திரையிலும் வரும். எடுத்தது போக ஏரியில் மிச்சம் நிறைய இருந்தால் நிறைய ஊறும், கொஞ்சம் இருந்தால் கொஞ்சம் ஊறும். அளவாக எடுத்தால் பத்துச் சுற்றும் ஓடும். ஆளாளுக்கு அள்ளினால் ஏரி வற்றி அத்தோடு ஆட்டம் முடியும். அதிகக் குடம் சேர்த்தவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மற்றவர்களுக்கு ஒரு பேனா.

ஏரி வற்றினால் மேடத்துக்குக் கவலையில்லை. அதுவும் அவருக்கு ஒரு விடைதான். ஆனால் நடுவில் இண்டர்நெட் போய்விட்டால் அந்த ஆட்டம் செல்லாது. விளையாட்டு தெரிந்துபோன அந்த எட்டு பேரை மறுபடி உட்காரவைக்கவும் கூடாது. புதிதாக எட்டு பேரைத் தேடிப் பிடித்து இன்னொரு நாள் ஆடவைக்கவேண்டும். இந்த விதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கெட்டுப்போனது இதனால்தான்.

ஆட வந்தவர்களைச் சொன்னால் ஒரு நாள் போதாது. ஒருவர் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் சொல்தா என்பார்கள். இஸ்திரி கலையாத சட்டை, மேடத்தை மதாம் என்றுதான் கூப்பிடுவார். மனைவியோடு வந்தார். கணவன் மனைவியை ஒரே ஆட்டத்தில் உட்காரவைக்கலாமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார் மேடம்.

சொல்தா சுற்றுக்கு ஒரு குடம்தான் எடுத்தார், ஒழுங்கு தவறாத மனுஷன். ஆனால் நாரை என்று ஒரு பறவை ஒவ்வொரு தடவையும் ஒன்பது குடம் தூக்கியது. சொல்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அட்டைக்கு மேலே தலையை நீட்டி, "யாருய்யா அந்த நாரை? மதாம், இந்த மாதிரி ஆளையெல்லாம் பட்டாளத்துல வெயில்ல நிக்க வைப்போம்" என்றார். இரண்டு நாற்காலி தள்ளி அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மேடம் டிபன் பாக்ஸைக் கொண்டுபோய் அந்த அம்மா கையில் கொடுத்தார். சொல்தா பாக்ஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன், நீங்க நடங்க" என்று படியிறங்கினார். மேடம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது என் மச்சான். என் மனைவிக்கு மூத்தவர். வீடு ரெட்டியார்பாளையத்தில், பட்டறை தட்டாஞ்சாவடியில், என் கடை இருந்த மாடியும் அவருடையதுதான். எங்கே இரண்டு பேர் கூடி நிற்கிறார்களோ அங்கே ஒரு மோமோ கடை போடலாம் என்று நினைக்கிற ஆள். ஒரு நாள் வந்து காலி நாற்காலி ஒன்றில் காலைப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்.

"மாப்ள, பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுவரைக்கும் காலையில நாற்காலி நெறஞ்சிருந்தா கடை உன்னுது. நீ பாட்டுக்கு ஈ ஓட்டிக்கிட்டு இருந்தீன்னா இங்க மோமோ. நீ பட்டறைக்கு வந்து ஸ்டோர் ரூமைப் பாத்துக்க."

மச்சான் பட்டறையில் மச்சானுக்குக் கீழே ஸ்டோர் ரூம். அதைவிட என்னை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். மேடம் வருகிற செவ்வாய், வெள்ளியாகப் பார்த்து மச்சானை வரச் சொன்னேன். அவரும் வந்து எட்டுத் தலையை எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார். கஷ்டம் என்னவென்றால் மேடத்தின் நாற்பது ஆட்டம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இடிக்கும்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே தற்செயல்தான். என் மேஜைக்குக் கீழே தரையோரமாக பிளக் போர்டு, அதில் மோடத்தின் ஒயர். எனக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிற பழக்கம். எட்டாவது சுற்றில் கால் கட்டைவிரலில் ஒயர் சிக்கி பிளக் உருவிக்கொண்டது. எட்டுத் திரையிலும் ஏரி உறைந்து நின்றது. நான் பதறி எழுவதற்குள் மேடம் தோளைக் குலுக்கிவிட்டு, "பரவால்ல ணா, லைன் போனா என்னா பண்றது, இன்னொரு நாள் ஆடலாம்" என்றார்.

இன்னொரு நாள். அந்த வார்த்தையை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் கட்டைவிரல் தானாகவே போய் ஒயரைத் தேடியது.

ஆறு ஆட்டம் கெடுத்தேன். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்: யாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒயரைத் தொட்டதில்லை. சாப்பிடுகிற ஆளிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சாவுச் சேதியாகவே இருந்தாலும் கை கழுவி எழுந்தபிறகுதான் சொல்வோம். பதினோரு மணிக்கு டீக்கடைக்காரர் கம்பிக் கூடையில் எட்டு கிளாஸ் கொண்டுவருவார். குடித்து முடித்து, கிளாஸை எண்ணி எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கின பிறகுதான் என் விரல் வேலைக்குப் போகும். அவ்வளவு மரியாதையான திருடன் நான். மேடம் அந்தப் பச்சை நோட்டில் டீ வந்த நேரத்தையும் கிளாஸ் போன நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. டீ குடித்தவுடன் மனுஷனுக்குத் தாராளம் வருகிறதா என்று பார்க்க எழுதினாராம்.

ஆறாவது தடவைக்குப் பிறகு மேடம் போனோடு படிக்கட்டுக்குப் போனார். நான் கதவைச் சாத்தப் போகும்போது, அவருடைய பேராசிரியரிடம் பேசுவது காதில் விழுந்தது.

"இல்ல சார்... ஒரே ஒரு ஆட்டம்தான் சார் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நாப்பது ஆட்டக் கணக்கையும் கொடுத்துடறேன் சார். தெரியும் சார், அதுக்கு மேல நீட்டிக்க மாட்டாங்க, பதிவு போயிடும். அஞ்சு வருஷம் சார். எனக்குத் தெரியாதா?"

பேசி முடித்துப் படியிலேயே உட்கார்ந்தார். பையில் இருந்த பஃப்பை எடுத்துக் கொஞ்சம் கடித்தார், மறுபடியும் பொட்டலத்திலேயே வைத்துவிட்டார். லைன் போனதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, நாலு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். அது பொய் என்று முன்னாலேயே தெரியும். அன்றைக்குத்தான் அது வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி ஆட்டம். முடிந்தால் மேடத்துக்குப் பட்டம், எனக்குக் காலி நாற்காலி. அடுத்த வாரம் பொங்கல். அது போதாதென்று மச்சான் அளவு டேப்போடு வந்துவிட்டார். எட்டு பேர் ஆடிக்கொண்டிருக்க, அவர் சுவரோரமாகக் குனிந்து குனிந்து அளந்துகொண்டிருந்தார். "நீ கண்டுக்காத மாப்ள, சும்மா ஒரு கணக்குக்கு."

பதினோரு மணிக்கு டீ வந்தது. டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த நேரம் பார்த்து மேடம் நோட்டை மூடினார். "அண்ணா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். போனைத் தூக்கிப் பிடித்து முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் கலைந்த தலையோடு நாள் முழுக்க இருக்கிறவர் அவர். எல்லாரையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷி, முதல் தடவையாக எதையும் பார்க்கவில்லை.

ஏழாவது சுற்று ஓடியது. கீழே ஒயர். விரலுக்கு அரையடி தூரம்கூட இல்லை. மச்சான், "எட்டடி மூணு அங்குலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு ஸ்டோர் ரூம் வாசனை மூக்கில் ஏறியது. அந்தப் படிக்கட்டில் கடித்து மிச்சம் வைத்த பஃப்பும் ஞாபகம் வந்தது. செருப்பை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு கையாலும் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

எட்டாவது சுற்று. எட்டுத் திரையிலும் ஏரி உறைந்து நின்றது.

நான் என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் என் மடியில்தான் இருந்தன. மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தால், அங்கே மச்சான் நான்கு கால்களில் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு கையில் டேப், முழங்காலுக்குக் கீழே என் மோடம் ஒயர். "என்னா மாப்ள, இங்க ஒரு ஸ்விட்ச் போர்டு இருக்குதே, அடுப்பு வைக்க வசதிதான்" என்கிறார்.

மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். உறைந்த ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல."

"இந்தத் தடவையா?" என்றார் மேடம்.

என் வாய் இருக்கிறதே. எட்டு பேரும் அட்டைக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் எதிரிலேயே ஆறையும் ஒப்புக்கொண்டேன். மச்சான் கெடு, ஸ்டோர் ரூம், கட்டைவிரல், ஒன்றையும் விடவில்லை. மச்சான் மேஜைக்குக் கீழேயிருந்து எழுந்து தலையில் இடித்துக்கொண்டார். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னே முக்காலுக்குள்ள புதுசா எட்டு பேர் வேணும் ணா, அப்பத்தான் சாயங்காலத்துக்குள்ள கொடுக்க முடியும். ஆட்டம் தெரியாதவங்களா இருக்கணும்."

வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. செருப்பில்லாமல் படியிறங்கினேன். மருந்துக்கடைப் பெண், அங்கே மாத்திரை வாங்க நின்ற ஒரு அம்மா, அரசு குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்த இரண்டு கிளார்க், டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர், அவருக்குக் காற்றடித்துக் கொடுத்தவர், டீக்கடைக்காரர். அவர் தினமும் மேலே வந்திருக்கிறாரே தவிர ஒரு நாளும் திரையைப் பார்த்ததில்லை, அவர் கண்ணெல்லாம் கிளாஸ் மேல். ஏழு பேர் ஆனது. எட்டாவது ஆள் தெருவிலேயே இல்லை. மூச்சு வாங்க மேலே வந்தால், மச்சான் தலையைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

"மச்சான், உக்காருங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாது மாப்ள."

"அதான் வேணும்."

மேடம் விதியைச் சொன்னார். மச்சானுக்கு நீர்க்காகம். முதல் சுற்றிலேயே பத்துக் குடம் எடுத்துவிட்டு, "பத்துக்கு மேல அமுக்கினா ஏன் ஏற மாட்டேங்குது?" என்று சத்தமாகக் கேட்டார். நீர்க்காகம் பத்து எடுத்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கை பரபரத்தது. இரண்டாவது சுற்றில் கிளார்க்குகள் அள்ளினார்கள், மருந்துக்கடைப் பெண் அள்ளினாள். டீக்கடைக்காரர் மட்டும் ஒன்றிலேயே நின்றார். மூன்றாவது சுற்றில் ஏரி வெடித்துப்போய்த் தரை தெரிந்தது. ஆட்டம் முடிந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடம் சிரித்தார். முதல் தடவையாக வாய்விட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வத்தினாலும் முடிஞ்ச ஆட்டம்தான் ணா. நாப்பது ஆயிடுச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பினால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது. பத்துச் சுற்று ஓடியிருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மச்சானின் பேராசை அரை மணியிலேயே அவருக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தது. டிபன் பாக்ஸை மேடம் இரண்டு கையாலும் நீட்ட, மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாங்கினார்.

எல்லாரும் போனபிறகு மேடம் கம்ப்யூட்டரிலிருந்து ஆட்டக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டு வரைக்கும் கூடப் போனேன்.

"எப்பலேர்ந்து மேடம் தெரியும்?"

"மூணாவது தடவையில. டீ கிளாஸ் கீழ போனாத்தான் லைன் போகுது. லைனுக்கு எப்படி ணா தெரியும், நாங்க குடிச்சு முடிச்சோம்னு?"

"அப்பவே கேட்டிருக்கலாமே. உங்க அஞ்சு வருஷம் மேடம்."

"நாலாவது தடவைக்கு மேல எனக்கே பயமாதான் இருந்துச்சு. ஆனா கேட்டா நிறுத்தியிருப்பீங்க. கேக்காம நிறுத்துவீங்களான்னு எனக்குத் தெரியணும்ல."

எனக்குக் கோபம் வந்தது. தன் ஐந்து வருஷத்தையே என் கட்டைவிரலில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறது இந்தப் பொம்பளை. அப்படி என்ன பார்க்கிற வெறி? "நிறுத்தினேன் மேடம். இன்னிக்கு நிஜமாவே நிறுத்தினேன். மச்சான் முட்டி பட்டுத்தான் போச்சு" என்றேன். அழுகிற மாதிரி ஆகிவிட்டது என் குரல்.

"அப்பிடியா ணா" என்று மட்டும் சொன்னார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த "அப்பிடியா" என்னை ஒரு வருஷம் அரித்தது. ஆறு தடவை செய்ததற்கு நான் வெட்கப்பட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செய்யாத அந்த ஒரு தடவையை நம்ப ஆளில்லையே என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மனைவியிடம் சொன்னேன், "ஆறு பண்ணவரு ஏழாவதும் பண்ணியிருப்பாருன்னுதான் யாரும் நெனப்பாங்க" என்றாள்.

பொங்கலுக்கு நாற்காலி காலியாகத்தான் இருந்தது, மோமோ கடை வந்தது. ஆனால் ஸ்டோர் ரூமுக்கு நான் போகவில்லை. டிபன் பாக்ஸ் ஜெயித்த குஷியில் மச்சான் ஒரு மூலையையும் ஒரு கம்ப்யூட்டரையும் எனக்கு விட்டுவைத்தார். பாக்ஸைக் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். யாராவது கேட்டால், "ஒரு ஆராய்ச்சிக்கு ஒத்தாசை பண்ணேன்" என்கிறார்.

போன மாதம் மேடத்திடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. இப்போது வேறு ஊரில் பாடம் எடுக்கிறாராம். அச்சிட்ட ஆய்வேட்டில் ஒரு பக்கம், நன்றி சொல்கிற பக்கம். புத்தகம் முழுக்க இங்கிலீஷாம், அந்தப் பக்கத்தின் கடைசி மூன்று வரி மட்டும் தமிழில் இருந்தது.

"ஆறு ஆட்டங்களைக் கெடுத்தவருக்கு நன்றி. கடைசி நாளன்று, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாற்காலி மேல் சம்மணம் போட்டுத் தன் கால்விரல்களைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு நன்றி. இருவரும் ஒருவரே."

இரண்டு தடவை படித்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவருக்கு நான் விரலைப் பிடித்துக்கொண்டது எப்படித் தெரியும்? அப்புறம்தான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. முகம் பார்க்கிற கேமராவைத் திறந்து தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, முடியைச் சரிசெய்கிற மாதிரி நின்றிருக்கிறார். ஜென்மத்தில் தலை வாராத பொம்பளைக்கு அன்றைக்கு மட்டும் என்ன அலங்காரம் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். அத்தனையும் பார்த்துவிட்டு உள்ளே வந்து "இந்தத் தடவையா?" என்று கேட்டிருக்கிறார். மோமோ ஆவியில் கண் எரிகிறது என்று மச்சானிடம் சொல்லிவிட்டுக் கீழே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் ஒரு பெரிய பஃப் வாங்கினேன். நசுங்காதது. மேலே வந்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தேன். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, தனியாக முழுசும் சாப்பிட்டேன்.